பினாங்கு மெடிக்கல் கார்டும் லோகேஷ் எடுக்காத போனும்

திருத்தணியில் பைபாஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் என் அலுவலகம். ஹெல்த் பாலிசி போட்டுக் கொடுப்பதும், கிளெய்ம் வந்தால் கூட நிற்பதும் என் தொழில். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள், "மேடம், உங்களுக்கு நிறைய கத்துக் குடுத்த கேஸ் எது?" என்று கேட்பார்கள். அது நான் விற்காத பாலிசி. விற்கவும் முடியாது. மலேசியாவில் போட்டது.

1. "அப்பாவுக்குப் போட்ட மாதிரியே"

ஹேமாவதி திருவாலங்காட்டுப் பெண். அவளுடைய அப்பா கரும்பு விவசாயி. அவருடைய குடலிறக்க ஆபரேஷன் கிளெய்மை நான்தான் முடித்துக் கொடுத்தேன். அதிலிருந்து அந்த வீட்டில் ஆஸ்பத்திரி விஷயம் எதுவானாலும் முதல் போன் எனக்குத்தான் வரும்.

ஹேமாவுக்குப் பினாங்கில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் இன்ஜினீயர் வேலை கிடைத்தது. அவள் கணவன் லோகேஷ் ஆர்.கே.பேட்டை விசைத்தறிக் குடும்பம். இங்கே ஒரு கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த மெயின்டனன்ஸ் வேலையை விட்டுவிட்டு, சின்னப் பெண்ணோடு அவனும் கிளம்பினான். அங்கே வீட்டையும் பெண்ணையும் அவன் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு.

போன சில வாரங்களில் ஹேமா வீடியோ காலில் வந்தாள். லோகேஷை அவள் 'பாவா' என்றுதான் சொல்லுவாள்.

"அக்கா, கம்பெனி இன்சூரன்ஸ் எனக்கு மட்டும்தானாம். பாவாவுக்கும் பாப்பாவுக்கும் நாமளே எடுத்துக்கணுமாம். இங்க பிரைவேட் ஆஸ்பத்திரில வெளிநாட்டுக்காரங்கன்னா மொதல்ல டெபாசிட் கேக்கறாங்க. அப்பாவுக்குப் போட்ட மாதிரியே ஒண்ணு போட்டுக் குடுங்க."

"அது அங்க செல்லாதும்மா. இந்தியாவுக்குள்ள பாக்கற வைத்தியத்துக்குத்தான்."

"அப்ப நாங்க இன்னா பண்றது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன், விசாரித்துச் சொல்கிறேன் என்றும் சொன்னேன். எனக்கு இதில் கமிஷன் கிடையாது. ஆனால் இத்தனை வருஷம் இதே தொழிலில் இருந்துவிட்டு, கடலுக்கு அந்தப் பக்கம் இது எப்படி நடக்கிறது என்று ஒருநாளும் யோசிக்கவில்லையே என்று தோன்றியது. அன்று மதியம் சாப்பிடக்கூட வீட்டுக்குப் போகாமல் படிக்க உட்கார்ந்துவிட்டேன்.

2. மூன்று வழிகள்

படித்ததில் மூன்று வழிகள் தெரிந்தன. ஒன்று, இங்கிருந்தே எடுக்கிற டிராவல் பாலிசி. விலை குறைவு. ஆனால் அது போய்விட்டுத் திரும்புகிறவர்களுக்கானது. அவசரத்துக்கு உதவும், குடியிருக்கிறவர்களுக்குப் போதாது. இரண்டாவது, பல நாடுகளில் செல்லுகிற இன்டர்நேஷனல் பிளான். அமெரிக்காவை விட்டுவிடுங்கள் என்றால் பிரீமியம் சட்டென்று இறங்குவது எனக்குப் புதுச் செய்தி. அப்படி இறங்கிய பிறகும் இவர்களுக்கு அது எட்டவில்லை. மூன்றாவது, அந்த நாட்டுக் கம்பெனியிடமே எடுப்பது. அங்கே அதை மெடிக்கல் கார்டு என்கிறார்கள்.

ஹேமா அங்கே ஒரு ஏஜென்டைப் பிடித்து என்னோடு பேச வைத்தாள். பினாங்கிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். நாங்கள் இரண்டு பேரும் தொழில் பேச ஆரம்பித்ததும் ஹேமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் 'கேஷ்லெஸ்' என்பதை அவர் 'ஜி.எல்.' என்றார். ஆஸ்பத்திரிக்குக் கம்பெனி கொடுக்கிற உத்தரவாதக் கடிதமாம். "அக்கா, பேருதான் வேற, தலைவலி ஒண்ணுதான் லா," என்றார்.

மலிவானது எது என்ற கேள்விக்குப் பதில், பிரீமியத்தில் மட்டும் இல்லை என்பது மெல்லப் புரிந்தது. இருப்பதிலேயே விலை குறைந்த கார்டில், முதலில் நாம் கட்டிவிட்டுப் பிறகு பில்லைக் கொடுத்து வாங்க வேண்டும். டெபாசிட் கட்ட முடியாமல்தான் கார்டே தேடுகிறோம், அதற்கு இது எப்படி உதவும்? நான் ஹேமாவிடம், வீட்டுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியின் பில்லிங் கவுன்டருக்கே போய், எந்தக் கார்டு காட்டினால் தொந்தரவில்லாமல் சேர்த்துக்கொள்வீர்கள் என்று கேட்கச் சொன்னேன். கேட்டு வந்தாள். அவர்கள் சொன்னதில் ஒன்று, டிடக்டபிள் உள்ள கார்டு. அதாவது ஒவ்வொரு முறையும் பில்லில் முதல் பகுதி நம்முடையது, மீதி கம்பெனியுடையது. அதனால் பிரீமியம் குறையும். சளி, காய்ச்சலுக்குக் கையிலிருந்து கட்டிக்கொள்ளலாம், பெரிய செலவு வந்தால் கார்டு இருக்கும் என்று ஹேமா அதையே முடிவு செய்தாள்.

இனி ஒரே ஒரு வேலைதான். கம்பெனியின் நர்ஸ் போன் செய்து, லோகேஷுக்கு முன்பு ஏதாவது வியாதி உண்டா என்று கேட்பார். பதில் சொன்னால் முடிந்தது.

அங்கேதான் எல்லாம் நின்றது.

"பாவா அந்தப் போன எடுக்கவே மாட்டேன்றாருக்கா. பாத்ரூம்ல இருந்தேன்றாரு, சார்ஜ் இல்லன்றாரு. நான் பக்கத்துல ஒக்காந்துகினு இருந்தா கட் பண்ணிடறாரு. இன்னான்னே தெரியல."

எனக்கும் தெரியவில்லை. போனை எடுக்கப் பயப்படுகிற ஆள் இல்லை லோகேஷ்.

3. ஆடிக் கிருத்திகை

காவடிக் கூட்டத்தில் ஊரே நிரம்பியிருந்த நாள். பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பம்பைச் சத்தத்தில் போன் அடித்ததே கேட்கவில்லை. எடுத்துப் பார்த்தால் லோகேஷ். ஜன்னலைச் சாத்திவிட்டுப் பேசினேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா வராத வியாதிய அவங்க கிட்ட சொல்லியே ஆவணுமா?"

"என்ன வியாதி, லோகேஷ்?"

குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"ஃபிட்ஸ்க்கா. பத்தாவது படிக்கிறப்ப வந்துச்சு. வேலூர்ல பாத்து மாத்திர குடுத்தாங்க. நிறுத்தாம போட்டுகினுதான் இருக்கேன். கல்யாணத்துக்கு அப்புறம் ஒருவாட்டிகூட வரல."

"ஹேமாவுக்கு?"

"தெரியாது. ஒத்தத் தலவலி மாத்திரன்னு சொல்லி வெச்சிருக்கேன். பொண்ணு பாக்க வந்தப்பவே அம்மா சொல்லக்கூடாதுன்ட்டாங்க. அப்புறம் சொல்றதுக்கு வாயே வரல."

அப்போதுதான் எனக்கு ஒன்று விளங்கியது. இங்கே அவனுக்கு இருந்தது கம்பெனியின் குரூப் பாலிசி. அதில் யாரும் உடம்பைப் பற்றிக் கேட்பதில்லை. இந்தக் கேள்வியை அவனிடம் முதன்முதலாகக் கேட்கிறவர், முகம் தெரியாத ஒரு மலேசிய நர்ஸ்.

"மறைச்சா பின்னால எந்த கிளெய்முக்குப் போனாலும் மாட்டுவ. அது பாலிசி விஷயம்," என்றேன். "நான் வேற ஒண்ணு கேக்கறேன். பாப்பாவ ஸ்கூலுக்கு யாரு கொண்டு விடறது?"

"நான்தான். ஸ்கூட்டர்ல."

வெளியே அரோகரா சத்தம் வந்து தேய்ந்தது. போனை வைக்கும் முன், "நீங்களே அவகிட்ட சொல்லிடுங்களேன்க்கா," என்றான்.

"நான் சொல்ல மாட்டேன், தம்பி. நீதான் சொல்லணும்."

4. ஹேமாவின் கேள்விகள்

அதன் பிறகு ஒரு வாரத்துக்கு மேல் இருவரிடமிருந்தும் போன் இல்லை. நானாகக் கூப்பிடவும் கை வரவில்லை. பிறகு ஒரு காலையில் ஹேமா கூப்பிட்டாள்.

"சொல்லிட்டாரு. மூஞ்சிலயே முழிக்கல நான். வியாதி இருக்குன்னு இல்லக்கா. இத்தினி வருஷமா பக்கத்துல படுத்துகினு இருக்கேன், திடீர்னு வந்திருந்தா எனக்கு இன்னா பண்ணணும்னே தெரிஞ்சிருக்காது பாருங்க, அதான்."

கொஞ்சம் அழுதாள். பிறகு கேள்விகளை ஆரம்பித்தாள். சொன்னால் கார்டே கொடுக்க மாட்டார்களா? வேலூர் டாக்டரின் பழைய ரிப்போர்ட் உதவுமா? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததைப் பினாங்கு ஏஜென்டிடம் கேட்டோம். லோகேஷ் நர்ஸின் போனை ஸ்பீக்கரில் போட்டு, ஹேமா எதிரிலேயே எல்லாவற்றையும் சொன்னான்.

அந்தக் கம்பெனி மறுத்துவிட்டது. இன்னொரு கம்பெனி, ஃபிட்ஸுக்கும் அது சம்பந்தப்பட்ட செலவுக்கும் தர மாட்டோம், மற்றதற்குத் தருவோம் என்று எழுதிக் கொடுத்தது. பிரீமியமும் கொஞ்சம் கூடுதல். ஹேமா வாங்கிக்கொண்டாள். அங்கேயே ஒரு நரம்பு டாக்டரையும் பார்த்தார்கள். அவர் வண்டி ஓட்டுவதை நிறுத்தச் சொன்னார். பாப்பா ஸ்கூல் வேனில் போக ஆரம்பித்தாள். இந்தியாவில் இருவருக்கும் தனியாக ஒரு பாலிசி எடுத்து, அதிலும் உண்மையைச் சொல்லி, விடாமல் கட்டிக்கொண்டிருக்கச் சொன்னேன். பழைய வியாதிக்குப் பணம் தர அவர்கள் வைக்கிற காத்திருப்புக் காலம் ஊர் திரும்பும்போது முடிந்திருக்கும்.

5. டெங்கு

அடுத்த மழைக்காலத்தில் லோகேஷுக்கு டெங்கு. கடும் காய்ச்சலில் மாத்திரை வயிற்றில் தங்காமல் வாந்தியில் வந்துவிட்டது. அத்தனை வருஷம் வராத ஃபிட்ஸ், காலையில் சமையலறையில் வந்தது. ஹேமா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒருக்களிச்சுப் படுக்க வெச்சேன். தலைக்குத் தலகாணி வெச்சேன். கேஸ் அடுப்ப அணைச்சேன். டாக்டர் சொன்ன மாதிரி கடிகாரத்தப் பாத்துகினே இருந்தேன். பாப்பா பயந்துகினு அவர் கையில குடுக்க சாவியக் கொண்டாந்தா. வேணாண்டா கண்ணு, அப்பாவுக்கு அது வேணாம்னேன்," என்று பிறகு என்னிடம் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் கார்டைக் காட்டினார்கள். காய்ச்சல் கேஸா, ஃபிட்ஸ் கேஸா என்று கம்பெனி கேட்டது. முன்பே சொல்லியிருந்ததால் யாரும் எதையும் தோண்டவில்லை. டெங்கு செலவுக்கு ஜி.எல். வந்தது. மூளை ஸ்கேனுக்கு வரவில்லை. அதைக் கையிலிருந்து கட்டினார்கள். லோகேஷ் குணமாகி வீட்டுக்குத் திரும்பினான்.

அவன் தனியாக இருந்திருந்தால், ஸ்கூட்டரில் பெண்ணோடு போய்க்கொண்டிருந்தால் என்று நினைத்து எனக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. அந்தக் கார்டு பணம் கொடுக்க மறுத்த வியாதிதான், அந்தக் கார்டால் அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த வியாதியானது.

அதன் பிறகு நான் வேலை செய்கிற விதத்தில் ஒன்று மாறியது. எல்லாரும் செய்வதுபோல நானும் குடும்பத்தை மொத்தமாக உட்கார வைத்து, "யாருக்காவது ஏதாவது வியாதி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். எல்லாரும் இல்லை என்பார்கள். இப்போது ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்கிறேன். கேட்டுவிட்டு அடுத்த கேள்விக்கு ஓடாமல் சும்மா இருக்கிறேன். போன வாரம் கனகம்மாசத்திரத்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள், பையன் துபாயில் இருக்கிறான், இவர்களும் போகிறார்கள். கணவரைக் கீழே ஜெராக்ஸ் எடுக்க அனுப்பிவிட்டு அந்த அம்மாவிடம் கேட்டேன். இல்லை என்றார். நான் பேசாமல் இருந்தேன். புடவைத் தலைப்பைச் சரிசெய்தார், படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு நாற்காலியை என் மேசைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.