தையல் சோக்கால் கோடு போட்ட முட்டைகள்

உக்குவளையில் தையல் கடை வைத்திருக்கும் நிரோஜா, துணியை ஒரு தடவைதான் அளப்பாள். நான் எதையும் பத்துத் தடவை பார்த்தால்தான் நிம்மதியாவேன்.

கத்தாருக்கு வரும்போது என் வளர்ப்புப் பல்லியை அவளிடம்தான் விட்டு வந்தேன். என்னிடம் இருந்தபோது அது மூன்று தடவை முட்டையிட்டது. கோழி முட்டையைப் போல அவற்றைத் தினமும் புரட்டிவிட்டேன். எல்லாம் அழுகிப் போயின. பல்லி முட்டையைப் புரட்டினால் உள்ளே குஞ்சு செத்துவிடும் என்று பிறகு அவள்தான் சொன்னாள்.

அவளிடம் போன பிறகு அது மறுபடி முட்டையிட்டது. அவள் தேங்காய்த் தும்புத்தூளை நனைத்து ஐஸ்கிரீம் டப்பாவில் நிரப்பி, இரண்டு முட்டைகளைக் கிடந்தபடியே எடுத்து வைத்தாள். மேற்பக்கம் மாறிவிடாமலிருக்க, துணியில் குறியிடும் தையல் சோக்கால் கோடு போட்டாள். ஐம்பத்தைந்து நாள் தொடவேயில்லை. பொரிக்கக்கூடாது என்று நான் உள்ளூர வேண்டிக்கொண்டிருந்தேன்.

நேற்று வீடியோ அழைப்பில், ஓட்டைக் கிழித்துக்கொண்டு ஒரு குஞ்சு தலை நீட்டியது.

"மத்தது பொரிக்காது போல இருக்கே," என்றேன்.

"பொரிக்கும்க்கா. பொரட்டுறதுக்கு நீங்க இங்க இல்லையே," என்று சிரித்தாள்.

நானும் சிரித்து வைத்தேன்.

இன்று காலை மூன்று தடவை அழைத்தாள். இரண்டாவதும் பொரித்திருக்கும் என்று தெரியும். நான் எடுக்கவில்லை.