கதவில் மட்டும் கருஞ்சிவப்பு

பிளாஸ்டிக் சுரண்டியை மேலிருந்து கீழே இழுத்தபோது வெள்ளைப் பெயின்ட் பாலாடை மாதிரி சுருங்கி மடிந்து விழுந்தது. அதற்கடியில் கருஞ்சிவப்பு. பெயின்டர் கையை நிறுத்தினார்.

ஒரு சாண் அகலப் பட்டை. கதவின் இந்த ஓரத்தில் தொடங்கி அந்த ஓரத்தில் நின்றுவிட்டது. கதவுக்கு இரண்டு பக்கமும் விமானத்தின் உடம்பில் சுரண்டிப் பார்த்தார். வெள்ளை, நீலம், சந்தன நிறம், பிறகு உலோகம். சிவப்பு எங்கேயும் இல்லை.

"என்ன மூக்கு, ஆராய்ச்சியா?" மேஸ்திரி ஏணிக்குக் கீழே நின்றார். டப்பாவைத் திறக்காமலே எந்தப் பெயின்ட் என்று வாசனையில் சொல்லிவிடுவதால் பெயின்டருக்கு அந்தப் பெயர். "சாயங்காலத்துக்குள்ள தோலை உரிச்சாகணும். நாளைக்கு வாங்குறவங்க ஆளுங்க வராங்க."

"மேஸ்திரி, இந்தக் கதவை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா நலம் விசாரி. போன மாசம் வால்ல ஒரு எழுத்தை முழுங்கிட்டு நம்பர் எழுதின ஆளு நீ. இன்னொரு தடவை குழப்பினா தண்ணிக் கொட்டகைதான், சொல்லிட்டேன்."

தண்ணிக் கொட்டகையில் விமானங்களைக் கழுவுவார்கள். பெயின்டர் யாரும் அங்கே போய்த் திரும்பி வந்ததில்லை.

விமானத்தின் சரித்திரம் பலகையில் ஒரே தாளில் தொங்கியது. எட்டு இருக்கை, நடுத்தர ஜெட், வயது பதினெட்டு. முதலில் ஒரு சிமென்ட் முதலாளியிடம் ஆறு வருடம், சந்தன நிறம். அடுத்து இரண்டு கடல் தாண்டி ஒரு மருத்துவமனையிடம் ஆறு வருடம், நீலம். பிறகு இரண்டு வருடம் கேட்பாரற்று வெயிலில் நின்றது. கடைசி நான்கு வருடம் வாடகை ஓட்டம், வெள்ளை. சேதம் என்ற கட்டத்தில் 'இல்லை'. இந்தப் பட்டறைக்கு இப்போதுதான் முதல் முறை வருகிறது.

ஆனால் அந்தச் சிவப்பைக் கலந்தது அவர். பல வருடம் முன்பு, இதே பட்டறையில். உணவு வண்டி இடித்து, கதவின் கீழ் மூலையில் உள்ளங்கை அளவு குழி விழுந்திருந்தது. மேலே பறக்கும்போது உள்காற்றின் அழுத்தத்தைத் தாங்க வேண்டிய கதவு. குழியை அளந்து விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுதியிருக்க வேண்டும். அன்றைய மேஸ்திரி, "எழுதினா பத்து நாள் வண்டி நிக்கும், பட்டி வெச்சு மூடிடு" என்றார். மூடினார். எழுதவில்லை.

இப்போது அந்த மூலையை மட்டும் சுரண்டாமல் விட்டிருந்தார். பிரைமர் அடிப்பதும் அவர்தான். இன்னொரு முறை மூடிவிடலாம். உள்ளே எட்டுப் பேர் உட்காருவார்கள்.

மதியம் மனைவிக்குப் போன் செய்தார்.

"கருஞ்சிவப்பு அடிச்சேன்னு எப்பவாவது சொல்லியிருக்கேனா?"

"சொல்ல வேற வேணுமா? என் தங்கச்சி கல்யாண ஆல்பத்தைப் பாருங்க. உங்க பத்து நகமும் ரத்தத்துல முக்கின மாதிரி. உங்களுக்குக் கறிக்கடையான்னு மாப்பிள்ளை வீட்டுல கேட்டாங்களே."

"அது எந்த வருஷம்?"

"பதினோரு வருஷம் ஆச்சு. மச்சினி கல்யாணம்கூடவா மறந்துபோச்சு? சாப்பிட்டீங்களா இல்லையா?"

பதினோரு வருடம். மறுபடி பலகைக்குப் போனார். அப்போது இந்த விமானம் மருத்துவமனையிடம், இரண்டு கடலுக்கு அப்பால். அப்படியென்றால் குழி வேறு விமானத்தில். ஆனால் கதவு இங்கே. மறதியா, நினைவா என்று அவருக்கே பிடிபடவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, மூடினார்.

மூன்று மணிக்கு ஆய்வாளர் கையெழுத்துப் போட வந்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும்.

"மேடம், கீழ் மூலையைத் தட்டிப் பாருங்க."

அவள் பையிலிருந்து நாணயம் எடுத்துத் தட்டிக்கொண்டே இறங்கினாள். டிங், டிங், டிங். மூலையில் டப்.

"பட்டி. யார் வெச்சது?"

"நான்தான்."

"இந்த விமானத்துலயா? எப்ப?"

"அதுதான் மேடம் தெரியல."

மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியாடா."

அவள் கீல் பக்கம் குனிந்து, அழுக்கைத் துணியால் துடைத்தாள். விரல் அகலத் தகடு. அதிலிருந்த எண்ணைக் கையிலிருந்த தாளோடு இரண்டு முறை ஒப்பிட்டாள்.

"இது வேற விமானத்துக் கதவு."

"எப்ப மாத்தினாங்க?" என்றார் பெயின்டர்.

"வெயில்ல நின்னப்பவா இருக்கலாம். எதுலயும் எழுதலையே."

"அப்ப இந்தக் கதவோட சொந்த விமானம் என்ன ஆச்சு?"

அவள் தோளைக் குலுக்கினாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். தன் நினைவு சரிதான் என்பதில் சந்தோஷப்பட வேண்டுமா என்று புரியவில்லை.

மறுநாள் காலை எட்டரைக்குக் கதவைக் கழற்றி இரண்டு மரத் தாங்கிகள் மேல் வைத்தார்கள். திறப்பைப் பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். வாங்குபவரின் ஆட்கள் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். பெயின்டர் நடந்ததை ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தார். விமான எண் என்ற இடத்தை நிரப்பவில்லை. பத்து மணிக்கு அவரைத் தண்ணிக் கொட்டகைக்கு மாற்றிய தாள் வந்தது. மதியம்வரை ஒரு சின்ன விமானத்தின் வயிற்றைக் கழுவினார். ஒரு மணிக்குச் சாப்பிட்டார்.