வாழைக்கு அடியில் நான் புதைத்த குழாய்

கொரோனா அடங்கிய மறு ஆண்டு அது. மலேசியாவின் ஜொகூரில், காஹாங் பக்கம், செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே பதினோரு வீடுகள் உள்ள எங்கள் குடியிருப்பில் நடந்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு விட்டவன் நான். இன்று குழாய்க்கிணறு போடும் இயந்திரம் இரண்டு சொந்தமாக வைத்திருக்கிறேன். சிம்பாங் ரெங்கம் வரை கேட்டுப் பாருங்கள். நான் கை வைத்த இடத்தில் தண்ணீர் வராமல் போனதில்லை என்றுதான் சொல்வார்கள். அப்படிச் சொல்ல வைத்தவனும் நான்தான்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஈய மணலைப் பிரித்தெடுத்த பழைய ஆலை ஒன்று உண்டு. மூடிப் பல வருடம் ஆயிற்று. மிஞ்சிய கறுப்பு மணலை அங்கேயே குழி வெட்டிப் புதைத்திருந்தார்கள். அந்த மணலில் கதிர்வீச்சு உண்டாம். அது நிலத்தடி நீரில் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு பல்கலைக்கழகக் குழு வந்தது. தலைமை தாங்கியவர் ஒரு தமிழ்ப் பெண். டாக்டர் பட்டம் வாங்கியவர்.

வரிசையாகக் கம்பிகளை மண்ணில் அடித்தார்கள். அவற்றின் அடியில் உப்புத் தண்ணீர் ஊற்றி, ஒயர் மாட்டி, ஒரு பெட்டியிலிருந்து கரண்ட் விட்டார்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்னம்மா, மண்ணுக்கே ஷாக் வைக்கிறீங்களா? நாப்பது வருஷமா மண்ணை மோந்து பார்த்தே தண்ணி எடுக்கிறவன் நான்!”

“அப்போ உங்க மூக்கைக் கொஞ்சம் வாடகைக்குக் குடுங்க அங்கள். இந்தப் பெட்டியைத் தூக்கிட்டு அலைய வேணாம்லா!”

வேடிக்கை பார்க்க நின்ற ஊர்க்கூட்டம் சிரித்தது. பிறகு டாக்டர் பொறுமையாக விளக்கினார். காய்ந்த பாறையில் கரண்ட் ஓடாது. கழிவு கரைந்த தண்ணீரில் சுலபமாக ஓடும். அப்படி ஓடுகிற இடம் கம்ப்யூட்டர் படத்தில் நீலமாகத் தெரியும்.

மறுநாள் படம் வந்தது. மணல் புதைத்த இடத்தில் நீலம். அது எதிர்பார்த்ததுதான். ஆனால் அதற்கும் எங்கள் கிணற்றுக்கும் நடுவில் இன்னொரு நீலம், முதலாவதைவிட அடர்த்தியாக. பதினோரு வீடும் குடிக்கிற அந்தக் கிணறு நான் போட்டது.

“இன்னும் உறுதி இல்ல அங்கள். தண்ணி சாம்பிள் லேப்புக்குப் போகுது, மூணு வாரம் ஆகும். அது வரைக்கும் யாரும் இதைக் குடிக்க வேணாம்,” என்றார் டாக்டர். அவர் முகத்தில் சிரிப்பில்லை.

அடுத்த நாள் காலை மூன்றாவது வீட்டுப் பெண் என் வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. கையில் பால் புட்டி.

“மாமா, இவ பிறந்ததிலேருந்து இந்தத் தண்ணியிலதான் பால் கலக்கிக் குடுத்தேன். நீங்கதானே நல்ல தண்ணின்னு சொன்னீங்க? இவளுக்கு ஒண்ணும் ஆகாதில்ல?”

அவள் போன பிறகு அந்தப் படம்தான் கண் முன்னால் நின்றது. இரண்டாவது நீலம் தெரிந்த இடத்தில் ஒரு வாழைப் புதர் இருக்கிறது. நட்டது நான். ஏன் நட்டேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

நேராக டாக்டரிடம் போனேன். ஊரில் பாதிப் பேர் அங்கே நின்றிருந்தார்கள்.

“ஏம்மா, மண்ணுக்கடியில இரும்பு கெடந்தா என்ன கலர் காட்டும்?”

“நீலந்தான். இரும்புல கரண்ட் இன்னும் நல்லா ஓடும். ஏன் அங்கள்?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சங்குல் மண்வெட்டியை எடுத்து வாழையை வேரோடு வெட்டித் தோண்டினேன். மூன்றடியில் ணங்கென்று சத்தம் கேட்டது.

அதுதான் இந்தக் கிணற்றுக்காக நான் போட்ட முதல் குழி. பாறையில் சிக்கித் துளைக்கும் தண்டு முறிந்தது. இறக்கிய இரும்புக் குழாயும் மேலே வரவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பெயர் கெட்டுவிடுமே என்று எல்லாவற்றையும் மூடி, மேலே வாழையை நட்டுவிட்டு, நாற்பதடி தள்ளி இரண்டாவது குழி போட்டேன். அதில்தான் தண்ணீர் வந்தது.

பக்கத்து வீட்டு லாரிக்காரன் என் பால்ய நண்பன். விடுவானா?

“அலமாக்! முத குழியிலேயே தண்ணின்னு எத்தனை கல்யாண வீட்டுல பீத்தியிருப்பே! அந்த வாழைப்பழத்தை வேற கோயிலுக்குக் குடுத்தியேடா!”

டாக்டர் திட்டவில்லை. கம்பி வரிசையை இரும்புக்குத் தூரமாக மாற்றி அடித்து மறுபடி பார்த்தார். நடுவில் இருந்த நீலம் காணோம். மணல் குழிக்கு அடியில் இருந்தது மட்டும் அங்கேயே கிடந்தது, எங்கள் பக்கம் நகரவில்லை. “ஆனாலும் லேப் ரிசல்ட் வரட்டும்,” என்றார். அந்த மூன்று வாரமும் குழந்தை அழும் சத்தம் கேட்டாலே வாசலுக்குப் போய் அந்த வீட்டை எட்டிப் பார்த்தேன்.

ரிசல்ட்டை டாக்டரே நேரில் கொண்டு வந்தார். தண்ணீர் சுத்தம். குழந்தையின் தாய் உள்ளே ஓடிப் போய் ஒரு கிளாஸ் கிணற்றுத் தண்ணீரோடு வந்தாள்.

“முதல்ல நீங்க குடிங்க மாமா.”

ஒரே மூச்சில் குடித்தேன். அவள் சிரித்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, குழந்தையை என் கையில் போட்டுவிட்டுப் பால் கலக்கப் போனாள்.

இப்போதும் நான் பெரிய கிணற்றுக்காரன்தான். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் தண்ணீர் வராத குழிக்கு மேல் இப்போதெல்லாம் வாழை நடுவதில்லை. சிமெண்ட் கல் பதித்து, ‘இங்கே தண்ணீர் இல்லை’ என்று என் கையாலேயே எழுதிவிட்டு வருகிறேன். ஒவ்வொரு முறை எழுதும்போதும், அந்தப் பால் புட்டி கண்ணுக்குள் வந்து போகிறது.