முழங்காலில் வைத்த ஐஸ்

எழுபதுகளின் தொடக்கத்தில் சித்தேரி மலையில் ஓர் ஓராசிரியர் பள்ளிக்கு நான்தான் டீச்சர். அந்த ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. திங்கட்கிழமை மலையேறினால் சனிக்கிழமைதான் அரூரில் உள்ள வீட்டுக்கு வருவேன்.

ஒரு சனிக்கிழமை இறங்கும்போது ஈரப்பாறையில் வழுக்கி வலது முழங்கால் திருகிக்கொண்டது. வீடு சேர்வதற்குள் முட்டியின் வடிவமே தெரியாத அளவுக்கு வீங்கிவிட்டது.

என் கணவரின் அக்கா தவிட்டை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். "சூடு பட்டா ரத்தம் நல்லா ஓடும். காலையில நடந்துருவே" என்றார். காலையில் வீக்கம் தொடைவரை ஏறியிருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா முட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, எலும்பு முறியவில்லை என்றார்.

"ஒத்தடம் கொடுத்தீங்களா?"

"தவிட்டு ஒத்தடம்ங்க."

"ரெண்டு மூணு நாளைக்குச் சூடே ஆகாது. மூட்டுக்குள்ள சின்ன ரத்தக்குழாய்ங்க பிஞ்சு கசியுது. சூடு பட்டா குழாய் விரிஞ்சு இன்னும் கசியும். ஐஸ் வெச்சா சுருங்கும், அங்க வர்ற ரத்தம் குறையும். துணி சுத்தி வைங்க, கால் மணி நேரத்துக்கு மேல வேண்டாம்."

ஒரு மாதம் லீவு எழுதித் தருவதாகவும் சொன்னார். நான் வாங்கவில்லை. பள்ளி ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் பிள்ளைகள் ஆடு மேய்க்கப் போய்விடுவார்கள். திரும்ப அழைத்துவருவது எவ்வளவு பாடு என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் ஃப்ரிட்ஜ் ஏது? கணவர் சைக்கிளில் சோடாக் கடைக்குப் போய், மரத்தூளும் கோணியும் சுற்றிய ஐஸ் கட்டி வாங்கி வந்தார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் எரிந்தது. பிறகு எலும்புவரை குடைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மரத்துப்போய் வலியே தெரியவில்லை.

"ரத்தம் ஒறைஞ்சு கால் வெளங்காம போயிரும்" என்று கணவரின் அக்கா பக்கத்திலேயே நின்றார்.

"பாதத்தைத் தொட்டுப் பாருங்க அண்ணி, சூடாத்தான் இருக்குது."

தொட்டுப் பார்த்தார். மீதி ஐஸை மறுபடி கோணியில் சுற்றி வைத்தார். ஐஸை எடுத்ததும் தோல் சிவந்து, மெல்ல உணர்ச்சி திரும்பியது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று இரண்டு நாள் வைத்தேன். மூன்றாம் நாள் முட்டியின் வடிவம் தெரிந்தது. அடுத்த வாரம் காலை மடக்க முடிந்தது.

மூன்றாவது திங்கட்கிழமை முட்டியில் துணி சுற்றி, கோல் ஊன்றி மலையேறினேன். வழக்கமாக மூன்று மணி நேரம் ஆகும் பாதைக்கு அன்று ஆறு மணி நேரம் ஆனது. பதினாலு பிள்ளைகளில் பதினோரு பேர் வந்திருந்தார்கள். மீதி மூன்று பேரின் வீடுகளுக்கு மறுநாள் நடந்தே போனேன்.