ரூமுக்கு நாலு பேரு

அந்த ஞாயித்துக்கிழமை பட்டாசுக் கம்பெனில வேலை பாக்குற பொம்பளைகளை, ஸ்கூல்ல வச்சு ஒரு விளையாட்டுன்னு கூப்பிட்டாக. காலேஜ்லருந்து ரெண்டு பிள்ளைக வந்து, ஜனங்க எப்படி யோசிக்கிறாகன்னு ஆராய்ச்சி பண்ணுறாகளாம். வேற கம்பெனியில வேலை பாக்குற ஒருத்திய எனக்கு ஜோடியாக்கி அடுத்த ரூம்ல உக்கார வச்சுட்டாக. மூஞ்சி கூடத் தெரியாது. ஒண்ணுலருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் எழுதணும். ரெண்டு பேரும் ஒரே நம்பர் எழுதிட்டா ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா.

எனக்கு எரிச்சலா வந்துச்சு. லீவு நாள்ல துணி துவைக்கக் கிடக்கு, இதென்ன கூத்து. ஆனா டப்பா ஆசை விடுமா? அவ என்ன எழுதுவா? நான் எதை எழுதுவேன்னு அவ நினைப்பா? ஒண்ணா, ஏழா, பத்தான்னு யோசிக்கும்போதே கை நாலுன்னு எழுதிருச்சு.

எழுதினதுக்கப்புறந்தான் அது எந்த நாலுன்னு உறைச்சுச்சு. பட்டாசுக்கு மருந்து அடைக்கிற ரூம்ல நாலு பேருதான் இருக்கணும்னு சட்டம். எங்க ரூம்ல எட்டுப் பேரு. சோதனைக்கு வர்ற ஆபீசர் கேட்டா நாலுன்னு சொல்லணும்னு போர்மேன் படிச்சுப் படிச்சுச் சொல்லி வச்சிருக்காரு. ஜீப் சத்தம் கேட்டா மிச்ச நாலு பேரு பின்னால கருவேலங்காட்டுக்குள்ள ஓடிரணும். நான் ஓடுற ஆளு. ரிஜிஸ்டர்ல என் பேரு கிடையாது. வெடிச்சு நான் செத்தா, நட்டஈடு கேக்கையில நான் அங்கன வேலை பாத்தேன்னு என் பிள்ளைக எதைக் காட்டும்?

பேப்பரைப் பிரிச்சாக. என் ஜோடியும் நாலு. அடுத்த ஜோடியும் நாலு. ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு கம்பெனி, வந்தது பூராம் நாலு. பிள்ளைகளுக்குச் சந்தோசம் தாங்கலை, ஏன் நாலுன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தாக. சும்மா தோணுச்சுன்னு சொல்லி டப்பாவை வாங்கிக்கிட்டோம். எங்க ரூம்ல மட்டுந்தான் இந்த அக்கிரமம்னு இம்புட்டு நாளும் நினைச்சிருந்தேன்.

வாசல்ல அந்த ஜோடிக்காரி பக்கத்துல வந்தா. மெதுவாக் கேட்டா.

"நீங்க உள்ள இருக்குற நாலா, ஓடுற நாலாக்கா?"

"ஓடுற நாலு."

தானுந்தான்னு சொல்லிட்டு சாத்தூர் பஸ்ஸுக்குப் போயிட்டா.

மறுநாள் காலையில தைரியத்தைக் கூட்டிக்கிட்டு, என் பேரையும் ரிஜிஸ்டர்ல ஏத்துங்கன்னு போர்மேன்கிட்ட கேட்டேன். எட்டுப் பேரும் நிக்கிறோம். அவரு கோவப்படலை. நோட்டை என் பக்கம் திருப்பி வச்சாரு.

"சரித்தா. நாலு பேருக்குத்தான் இடம். யார் பேரை அடிக்கணும்னு நீயே சொல்லு."

பேரு இருக்குற நாலு பேரும் என்னையவே பாத்தாக. அதுல ஒருத்திக்கு வீட்டுல கைப்பிள்ளை. நான் நோட்டை மூடி வச்சுட்டு, சாக்கை விரிச்சு உக்காந்து, மருந்தைக் கிட்ட இழுத்தேன். ஜீப் சத்தம் கேக்குதான்னு ஒரு காது ரோட்டுப் பக்கமே இருந்துச்சு.