கிணற்றில் இறங்கும் காந்தம்

வடக்கனந்தல் தாண்டி, சாலையோரக் கிணற்றைச் சுற்றிக் கூட்டம். பேருந்து நகர வழியில்லை. இறங்கிப் போகிறேன். முந்தாநாள் சைக்கிளில் போன கணவன் வீடு திரும்பவில்லையென்று ஒரு பெண் கிணற்று விளிம்பில் நிற்கிறாள். மெக்கானிக் ஒருவர் கிணற்றில் விழுந்ததைத் துழாவி எடுக்கும் பாதாளக் கரண்டிக்குப் பதிலாக, உள்ளங்கையளவுக் காந்தமொன்றைக் கயிற்றில் கட்டி இறக்குகிறார். நியோடைமியம் என்ற அருமண் உலோகத்தை இரும்போடு கலந்து செய்தது.

"பேட்டரி வண்டி மோட்டார்ல கழட்டினதுங்க. ஒரு மூட்டை வெயிட்டத் தூக்கும்" என்கிறார் என்னிடம்.

கயிறு கனக்கிறது. சேறு ஒழுக ஒரு சைக்கிள் மேலே வருகிறது. கேரியரில் கட்டிய நீலத் துண்டை அவள் தொட்டுப் பார்க்கிறாள்.

மெக்கானிக் கயிற்றைச் சுருட்டுகிறார். "தீயணைப்பு வண்டி வரட்டும்மா. இது இரும்பைத்தான் புடிக்கும்."

அவள் கயிற்றை எட்டிப் பிடித்துக்கொள்கிறாள்.

"இன்னொரு தபா வுடுங்கண்ணா. அர்ணாக்கயித்துல வூட்டுச் சாவி கட்டிக்கினு இருப்பாரு. இரும்புச் சாவிதான்."