சாயக் குஞ்சுகளுக்கு ஓர் அடைக்கோழி

தொண்ணூறுகளின் தொடக்கம். ஆவடியில், என் கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். ஒரு ஞாயிறு காலை, தெருவில் குஞ்சு விற்று வந்த சைக்கிள்காரரிடம் ஐந்து கோழிக்குஞ்சுகள் வாங்கினேன். மிஷினில் பொரித்து, ரோஸும் பச்சையுமாகச் சாயம் ஏற்றியவை. மறுநாளே ஒன்று செத்தது. மற்ற நான்கும் அட்டைப்பெட்டி மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கின. பல்பு எரியவிட்டும் பயனில்லை.

"எல்லாம் ரெண்டு நாள் பொம்மை. பொழைக்காது, விடு" என்றார் கணவர். தெருவில் எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்று மாலை, தெருமுனையில் இஸ்திரி போடும் அம்மா தன் கோழியை வாளித் தண்ணீரில் முக்கப் போனார். முட்டையே இல்லாத வெறுங்கூடையில் நான்கு நாளாக அடை உட்கார்ந்திருந்ததாம். தண்ணீரில் முக்கினால் அடை தெளியும்; தெளிந்தால்தான் அது மறுபடி முட்டையிடும்.

"முக்காதீங்கக்கா. எனக்குக் கொடுங்க."

"இன்னாத்துக்கு?"

சொன்னேன். சிரித்துவிட்டார். "மிசினு குஞ்சுக்கு அம்மாவா? அதுவும் கலரு குஞ்சு! ஒரே கொத்து, மண்டை பொளந்துடும்."

"கொத்தட்டும், பார்த்துடலாம்."

"பார்ரா! சரி, தூக்கினு போ. ஏதாச்சும் ஆச்சுன்னா என் கோழிய திட்டாத."

இருட்டத் தொடங்கியதும் கோழியைக் கூடையில் உட்காரவைத்து, குஞ்சுகளைப் பின்பக்கமாக ஒவ்வொன்றாகச் செருகினேன். ஒரு ரோஸ் குஞ்சு முன்னால் தலையை நீட்டியது. கோழி கொத்தியது.

"சொன்னேன்ல?" என்றார் பின்னால் நின்ற கணவர்.

நான் குஞ்சை எடுக்கவில்லை. என் புறங்கையை இடையில் வைத்தேன். அடுத்த இரண்டு கொத்தும் அதில் விழுந்தன. பிறகு கோழி உடலைச் சற்றே உயர்த்தி, இறக்கையை அகட்டி உட்கார்ந்தது. உள்ளே கத்தல் அடங்கியது.

காலையில் ஒரு பச்சைக் குஞ்சு செத்துக் கிடந்தது. மற்ற மூன்றும் கோழியின் காலடியில் நொய்யரிசி கொத்திக்கொண்டிருந்தன. இரண்டு வாரம் கழித்துக் காகம் ஒன்று இறங்கியபோது, அந்தக் கோழி பாய்ந்து விரட்டியதைத் தெருவே பார்த்தது.

சாயம் போய் வெள்ளை இறகு முளைத்தது. கொண்டை சிவந்ததும் இஸ்திரி அம்மா வந்து பார்த்தார்.

"மூணும் சாவலு. முட்டை வுடாதுன்னுதான் சாயம் பூசி தள்ளிவுட்டுகீறானுங்க."

அடுத்த முறை தன் கோழி அடை உட்கார்ந்தபோது, அவர் வாளியை எடுக்கவில்லை. சைக்கிள்காரரை நிறுத்தினார்.

இன்றுவரை, எந்த உயிரைப் பற்றியும் 'பொழைக்காது' என்று யாராவது சொன்னால், நான் முதலில் கையை நீட்டுகிறேன். அவர்கள் சொல்வதை அப்புறம்தான் கேட்கிறேன்.